ஸ்டாப் லைனைத் தாண்டி நின்றாலும் சிக்னல் ஜம்பிங்தானா? கோடு, மஞ்சள், கேமரா: மதுரை ஓட்டுநர்கள் விவாதம்

வடக்குமாசி
மதுரைக்குள் தினமும் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு மூன்று கேள்வி. முன்சக்கரம் மட்டும் கோட்டைத் தாண்டி நின்றால், அதுவும் சிவப்பில் பாய்ந்து போவதும் ஒரே குற்றமா? மஞ்சள் விழும்போது கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் நிற்பதா, போவதா? கோடே அழிந்துபோன சந்திப்பில் எங்கே நிற்பது? "பாத்துப் போங்க" என்கிற மாதிரி பதில் வேண்டாம். விதி என்ன, கணக்கு என்ன என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

வழக்குக்கட்டு
முதல் கேள்விக்குப் பதில்: இரண்டும் குற்றம், ஆனால் ஒரே குற்றமல்ல.

நிற்கச் சொல்லும் சைகை இருக்கும்போது வண்டியின் எந்தப் பாகமும் கோட்டுக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இது பழைய 1989 சாலை விதிமுறைகளிலிருந்தே இருக்கிற கட்டளை. "எந்தப் பாகமும்" என்றால் முன்சக்கரம், பம்பர், சரக்கு வண்டியில் முன்னால் நீட்டிய கம்பி எல்லாம் சேர்த்தி. 1989 விதிமுறைகளுக்குப் பதிலாக இப்போது இருப்பது 2017 மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள். இதை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 177ஏ பிரிவு. அபராதம் 500 முதல் 1000 ரூபாய் வரை. பொதுத் தண்டனைப் பிரிவான 177-ஐப் போட்டால் முதல் தடவை 500, அடுத்த தடவை 1500.

சிவப்பில் சந்திப்பைக் கடந்து போவது வேறு தரம். 2019 திருத்தத்தில், அபாயகரமாக ஓட்டுதல் பற்றிய 184-ஆம் பிரிவின் விளக்கத்தில் சிவப்பு விளக்கை மீறுவதையும் ஸ்டாப் பலகையை மீறுவதையும் பெயர் சொல்லியே சேர்த்துவிட்டார்கள். முதல் தடவைக்கு 1000 முதல் 5000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மூன்றாண்டுக்குள் மறுபடி மாட்டினால் சிறை இரண்டாண்டு வரையும், அபராதம் 10,000 வரையும் போகும். பணம் மட்டும் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். சிவப்பு விளக்கை மீறினால் லைசென்ஸைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்திவைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-லேயே மாநிலங்களுக்குச் சொல்லியிருக்கிறது. டிரைவிங்கையே பிழைப்பாக வைத்திருப்பவருக்கு மூன்று மாதம் என்பது சாதாரண விஷயமில்லை.

அதனால் சலான் கையில் வந்ததும் தொகையைப் பார்ப்பதற்கு முன் எந்தப் பிரிவு போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

கேகேநகர்_பைக்
அரை அடி முன்னால நின்னதுக்கெல்லாம் யாரு சார் சலான் போடுறாங்க? எல்லா டூவீலரும் ஜீப்ரா கிராசிங் மேலதான் நிக்குது. பின்னாடி நின்னா ஒரே புகை, வெயில் வேற. கோட்டுக்குப் பின்னாடியே நின்னா பச்சை விழுந்ததும் பஸ் வந்து அமுக்கிடும். முன்னால போய் நிக்கிறதுதான் டூவீலருக்குப் பாதுகாப்பு.

சிக்னல்பெட்டி
பைக் தம்பிக்கு. கோட்டை இஷ்டத்துக்கு ஒரு இடத்தில் போடுவதில்லை. ஜீப்ராவுக்கு இரண்டு முதல் மூன்று மீட்டர் முன்பாகத் தள்ளித்தான் போடுவார்கள். அந்த இடைவெளி மூன்று வேலை செய்கிறது.

முதலாவது, விளக்கு தெரிவது. கோட்டை ஒட்டி நம் பக்கம் இருக்கிற கம்பம் முதன்மை விளக்கு. சந்திப்புக்கு எதிர்ப்பக்கம் இருப்பது துணை விளக்கு. கோட்டைத் தாண்டி நின்றால் முதன்மை விளக்கு உங்கள் தோளுக்குப் பின்னால் போய்விடும். எதிர்ப்பக்க விளக்கை ஒரு பஸ்ஸோ ஃபிளெக்ஸ் பேனரோ மறைத்தால் உங்களுக்குக் கலர் எதுவுமே தெரியாது. பின்னால் இருக்கிறவர் ஹாரன் அடித்தால்தான் பச்சை விழுந்ததே தெரிகிறது என்று நிற்கிறவர்களைப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் கோட்டுக்கு முன்னால் நிற்பவர்களாகத்தான் இருப்பார்கள். ஹாரன் சத்தத்தை நம்பி வண்டியை எடுப்பதும் ஆபத்து. அந்த ஹாரன் உங்களுக்கு அடித்ததாக இல்லாமலும் இருக்கலாம்.

இரண்டாவது, திரும்பும் பஸ்ஸுக்கு இடம். குறுக்குச் சாலையிலிருந்து வலப்பக்கம் திரும்பி உங்கள் சாலைக்குள் வரும் 12 மீட்டர் பஸ்ஸின் பின்சக்கரம், முன்சக்கரம் போன தடத்திலேயே வராது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். சாலையின் நடுப்பகுதியை ஒட்டி, கோட்டைத் தாண்டி ஒரு பைக் நின்றால் பஸ்ஸின் பின்பக்கவாட்டு அந்த பைக்கின் மேல்தான் வரும். டிரைவர் வளைவை அகலமாக்கப் பார்ப்பார். அந்தப் பக்கம் ஷேர் ஆட்டோ நிற்கும். அவ்வளவுதான், சந்திப்பு பூட்டிக்கொள்ளும். ஒருவர் ஒரு மீட்டர் முன்னால் நின்றதற்கு நாலு பக்கமும் ஒரு சுற்றுப் பச்சை வீணாகிறது.

மூன்றாவது ஜீப்ராவில் நடப்பவர்கள். அதை அவர்களே எழுதட்டும்.

நடைபாதை_செல்வி
எழுதுறேன் அண்ணே. நடப்பவருக்கான நேரம் கணக்குப் போடும்போது விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று எடுப்பது வழக்கம். 14 மீட்டர் அகலச் சாலைக்குப் பன்னிரண்டு விநாடி ஆகும். பெரியவர்கள், முழங்கால் வலிக்காரர்கள், கைப்பிள்ளையோடு போகிறவர்கள் விநாடிக்கு 0.9 மீட்டர் போனாலே பெரிது. அவர்களுக்குப் பதினைந்து பதினாறு விநாடி வேண்டும். இதெல்லாம் ஜீப்ரா காலியாக இருந்தால் வரும் கணக்கு. டூவீலர்கள் ஜீப்ராவின் மேலேயே நின்றால் அவர் வரிசைக்கு முன்பக்கமாகச் சுற்றி, சந்திப்பின் உள்ளேயே இறங்கி நடக்க வேண்டும். அங்கே ஃப்ரீ லெஃப்ட் வண்டி, அதாவது சிக்னலுக்கு நிற்காமல் இடப்பக்கம் திரும்பும் வண்டி, வந்துகொண்டே இருக்கும். பாதி தூரத்தில் பச்சை விழுந்தால் முன்னால் நிற்கிற அத்தனை பைக்கும் ஆக்ஸிலேட்டரை முறுக்கும்.

பனகல் ரோட்டில் பெரியாஸ்பத்திரி பக்கம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கையில் ஸ்கேன் கவரோடு, கால் கட்டோடு கடக்கிறவர்கள் எத்தனை பேர் என்று தெரியும். "அரை அடி" என்று சொல்வதற்கு முன் அவர்களை நினையுங்கள் தம்பி.

டெப்போ_பயிற்சி
கனரக வாகன டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவன் என்ற முறையில் பைக் தம்பி சொன்ன "முன்னால் நிற்பதுதான் பாதுகாப்பு" என்பதற்கு நேரடியாகவே மறுப்பு சொல்கிறேன்.

லாரி, பழைய பஸ் இவற்றின் சீட்டிலிருந்து பார்த்தால் முன் பம்பரை ஒட்டிய ஒன்றரை, இரண்டு மீட்டர் தரை தெரியாது. அந்த இடத்தில் பைக்கில் குனிந்து உட்கார்ந்திருப்பவரின் ஹெல்மெட் உச்சி தெரிந்தால் அதிர்ஷ்டம். வரிசையின் இடுக்கு வழியாகக் கடைசி நேரத்தில் வந்து பஸ் மூக்கை ஒட்டி நிற்கும் டூவீலரை டிரைவர் பார்த்திருக்கவே மாட்டார், ஏனென்றால் அந்த நேரத்தில் அவர் விளக்கையோ இடது கண்ணாடியையோ பார்த்துக்கொண்டிருப்பார். பஸ்ஸுக்கு முன்னால் நிற்கத்தான் வேண்டும் என்றால் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரிகிற தூரத்தில் நில்லுங்கள். அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. கோட்டுக்குப் பின்னால் அந்த இடம் இல்லையா, பஸ்ஸுக்குப் பின்னாலேயே நின்றுவிடுங்கள். பஸ்ஸுக்கும் இடது கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் மட்டும் நுழையவே நுழையாதீர்கள். பஸ் இடப்பக்கம் திரும்பினால் பின்சக்கரம் அந்த இடைவெளியைத்தான் மூடும்.

இன்னொன்று. டவுன் பஸ்ஸில் ஆட்கள் நின்றுகொண்டு வருகிறார்கள். காரைப் போல அழுத்திப் பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் கம்பியில் மோதிவிடுவார்கள். நின்று வரும் பயணிகளோடு பிடிக்கக்கூடிய பிரேக் விநாடிக்கு விநாடி ஒன்றரை மீட்டர் வேகம் குறைகிற அளவுதான். 40 கி.மீ. வேகத்தில் அதற்கு 41 மீட்டர் ஓட்டம் வேண்டும்; கண் பார்த்துக் கால் போகும் ஒரு விநாடிக்கு 11 மீட்டர் சேருங்கள்; ஏர் பிரேக்கில் காற்று ஏறி ஷூ பிடிக்க ஆகும் அரை விநாடியும் இருக்கிறது. ஆக ஐம்பத்தைந்து மீட்டருக்கு மேல். மூன்று விநாடி மஞ்சளில் 40-ல் போகிற பஸ் 33 மீட்டர்தான் நகரும். அதாவது கோட்டுக்கு 33 முதல் 55 மீட்டர் தூரத்தில் இருக்கும்போது மஞ்சள் விழுந்தால் நிற்கவும் முடியாது, மஞ்சளுக்குள் கோட்டைக் கடக்கவும் முடியாது. இதைத் தீர்க்க ஒரே வழி சிக்னல் இருக்கிற சந்திப்பை நெருங்கும்போதே 20-25-க்கு இறக்கிவிடுவது. 20-ல் வந்தால் நிற்க பதினாறு மீட்டர் போதும், காற்று ஏறும் அரை விநாடிக்கு மூன்று மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று விநாடியில் ஓடுவதும் கிட்டத்தட்ட அதே பதினேழு மீட்டர்.

வடக்குமாசி
இது ரொம்பத் தெளிவாக இருக்கிறது சார். காருக்கும் டூவீலருக்கும் இதே கணக்கைப் போட்டுக் காட்ட முடியுமா? மஞ்சள் என்றால் "சீக்கிரம் போ" என்றுதான் பாதிப்பேர் புரிந்துகொள்கிறார்கள்.

சிக்னல்பெட்டி
மஞ்சளின் பொருள் "கோட்டுக்கு முன்னால் நில்". ஒரே விதிவிலக்கு, பாதுகாப்பாக நிற்க முடியாத அளவு கோட்டை நெருங்கிவிட்டிருந்தால் போகலாம் என்பது. எவ்வளவு நெருங்கினால் என்பதுதான் கேள்வி. காருக்கு விநாடிக்கு விநாடி 3 மீட்டர் குறைகிற மிதமான பிரேக், ஒரு விநாடி யோசிக்கும் நேரம், மூன்று விநாடி மஞ்சள் என்று வைத்துக் கணக்கிடுகிறேன்.

30 கி.மீ.: நிற்க 20 மீட்டர் போதும், மஞ்சளில் ஓடும் தூரம் 25. குழப்பமே இல்லை, 20 மீட்டருக்கு மேல் இருந்தால் நில், உள்ளே இருந்தால் போ.
40 கி.மீ.: நிற்க 32, ஓடுவது 33. நூலிழையில் சரிக்கட்டுகிறது.
50 கி.மீ.: நிற்க 46, ஓடுவது 42. நாலு மீட்டர் இடைவெளியில் மாட்டினால் எதைச் செய்தாலும் தப்பு.
60 கி.மீ.: நிற்க 63, ஓடுவது 50. பதின்மூன்று மீட்டர், அதாவது மூன்று கார் நீளம்.

அதனால் மஞ்சளில் எடுக்கும் முடிவு 40-க்கு மேல் போகிறவர் கையில் இல்லை. அவர் எந்த இடத்தில் மாட்டுகிறார் என்பதன் கையில் இருக்கிறது. 40-க்குள் வருகிறவருக்கு எப்போதும் ஒரு சரியான முடிவு உண்டு. பைபாஸ் ரோடு மாதிரி நேரான, அகலமான சாலையில் 60-ல் வந்து சிக்னலை நெருங்குவதுதான் சிக்கலின் ஆரம்பம். ஈரச் சாலையில் இந்தத் தூரங்கள் இன்னும் நீளும்.

சந்திப்பின் உள்ளே என்ன ஆகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மஞ்சளின் கடைசி நொடியில் ஒரு 12 மீட்டர் பஸ் 20 கி.மீ. வேகத்தில் நுழைகிறது, சந்திப்பின் அகலம் 24 மீட்டர் என்று வையுங்கள். வால்பகுதி வெளியேற 36 மீட்டர், ஆறரை விநாடி. எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்கும் இடைவேளை ஒன்றிரண்டு விநாடிதான். மீதி நாலரை விநாடி குறுக்குச் சாலையில் பச்சை எரியும்போது அந்த பஸ் நடுவில் இருக்கிறது.

ஆக்டிங்_டிரைவர்
கணக்கு சரி சார். ரோட்டுல அதை எப்படிப் பிடிக்கிறதுன்னு சொல்றேன்.

தூரத்துல இருந்தே பச்சை எரிஞ்சிட்டிருக்குன்னா அது பழைய பச்சை. எப்போ விழுந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது, அதனால எந்த நேரமும் மாறும்னு வச்சுக்கிட்டு ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்து பிரேக் மேல வைங்க, அமுக்க வேண்டாம். உங்க கண்ணு முன்னாடி சிவப்பு பச்சையா மாறிச்சுன்னா அது புதுப் பச்சை, தைரியமா வரலாம். 40 வேகத்துல வர்றவங்க கோட்டுக்கு முன்னாடி முப்பது மீட்டர்ல ஏதாவது ஒரு கம்பமோ கடைப் போர்டோ மனசுல குறிச்சுக்கங்க. மஞ்சள் விழும்போது அதுக்கு இந்தப் பக்கம் இருந்தா நிறுத்துறது, அந்தப் பக்கம்னா போறது. தினமும் போற சந்திப்புக்கு இப்படி ஒரு அடையாளம் வச்சுட்டா தடுமாறவே மாட்டீங்க.

டவுன் பஸ் பின்னாடி ஒட்டிக்கிட்டுப் போகாதீங்க. பஸ் பச்சையில போயிடும், விளக்கு மாறினது உங்களுக்குத் தெரியாது, பஸ் முதுகைப் பார்த்துக்கிட்டே சிவப்புல நுழைஞ்சிடுவீங்க. கேமராவுக்கு இதெல்லாம் காரணமே இல்லை.

கார்ல இன்னொரு சிக்கல், கோடு எங்க இருக்குன்னு சீட்ல இருந்து தெரியாது. சின்ன காரா இருந்தா கோடு பானட்டுக்குக் கீழ மறையும்போது பம்பருக்கும் கோட்டுக்கும் இன்னும் ஒன்றரை, ரெண்டு மீட்டர் இருக்கும். உயரமான வண்டியில அதைவிடக் கூட. வீட்டு வாசல்ல சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டு, பம்பர் கோட்டைத் தொடுற மாதிரி நிறுத்தி, வலது பக்கக் கண்ணாடிக்கு நேரா தரையில என்ன தெரியுதுன்னு பார்த்து வச்சுக்கங்க. பத்து நிமிஷ வேலை. மறையுற இடத்துலயே நிறுத்துறதும் தப்பில்லை, கொஞ்சம் பின்னாடி நின்னதுக்கு யாரும் சலான் போட மாட்டாங்க.

டைமர் இருக்குற சிக்னல் நல்லது. எவ்வளவு நேரம் இருக்குன்னு தெரிஞ்சா இன்ஜினை ஆஃப் பண்ணலாம், பதட்டம் இருக்காது.

டெப்போ_பயிற்சி
டைமர் விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. சிவப்பு டைமர் 3 என்று காட்டும்போதே பாதி வண்டி நகர ஆரம்பிக்கிறது. எதிர்ப்பக்கம் மஞ்சளில் நுழைந்த பஸ் அப்போது எங்கே இருக்கும் என்று மேலே கணக்கு இருக்கிறது. பச்சை டைமர் 4, 3 என்று இறங்கும்போது தூரத்தில் வருகிறவர் வேகத்தைக் கூட்டுகிறார். ஆக ஒருவர் சீக்கிரம் கிளம்புகிறார், இன்னொருவர் தாமதமாக நுழைகிறார். இருவருக்கும் நம்பிக்கை கொடுத்தது அதே எண்தான்.

சிக்னல்பெட்டி
இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு. சிவப்பு நேரம் நீளமாக உள்ள இடத்தில் டைமர் இன்ஜினை அணைக்க உதவும். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: வண்டிகளின் எண்ணிக்கையைப் பார்த்துத் தானே நேரத்தை மாற்றிக்கொள்ளும் சிக்னலில் டைமர் சரியாக ஓடாது, எண் திடீரென்று குதிக்கும். போலீஸ்காரர் பெட்டியைத் திறந்து கையால் இயக்கும் நேரத்திலும் அப்படித்தான். டைமர் ஒரு தகவல். விதி விளக்கின் நிறத்துக்குத்தான், எண்ணுக்கு இல்லை. பச்சை விழுந்ததும் வலது, இடது ஒரு பார்வை பார்த்துவிட்டு எடுங்கள்.

கேகேநகர்_பைக்
சரி, முன்னால நிக்கிறதை விடுறேன். ஆனா இது எப்படி? பச்சையிலதான் கோட்டைத் தாண்டுறோம். சந்திப்பு தாண்டினதும் ஷேர் ஆட்டோ ரோட்டு நடுவுலயே ஆள் ஏத்துது. வரிசை நகராம ஜீப்ரா மேல மாட்டிக்கிறோம், சிவப்பு விழுந்துடுது. இதுக்கும் சலான் வருமா?

சிக்னல்பெட்டி
பொதுவாக இந்தக் கேமராக்கள் வேலை செய்யும் விதம் இது: சிவப்பு எரியும்போது வண்டி கோட்டுக்குப் பின்னால் இருக்கிற ஒரு படம், அதே சிவப்பில் கோட்டைத் தாண்டிய இன்னொரு படம். இரண்டும் சேர்ந்தால்தான் மீறல். பச்சையில் கோட்டைக் கடந்து மாட்டிக்கொண்டவருக்கு முதல் படம் கிடையாது. வலப்பக்கம் திரும்ப நடுவில் காத்திருப்பவருக்கும் இதே பதில். பச்சையில் கோட்டைக் கடந்துவிட்டால் சிவப்பு விழுந்த பிறகும் திரும்பி முடித்து வெளியேற வேண்டும், நடுவிலேயே உறைந்து நிற்கக் கூடாது. பின்னால் ரிவர்ஸ் எடுப்பது அதைவிட மோசம், பின்னால் நிற்கும் டூவீலர் மேல்தான் போவீர்கள்.

ஆனால் பச்சை என்பது "போயே ஆக வேண்டும்" என்ற கட்டளை இல்லை. எதிர்ப்பக்கம் உங்கள் வண்டி நீளத்துக்கு இடம் காலியாவது தெரிந்த பிறகு கோட்டைத் தாண்டுங்கள். மஞ்சள் கட்டம் போட்ட சந்திப்பில் இது அப்படியே விதி: வெளியேறும் வழி காலியாக இல்லாவிட்டால் கட்டத்துக்குள் சக்கரம் இறங்கக் கூடாது. காளவாசல் மேம்பாலத்துக்குக் கீழே, கோரிப்பாளையத்தில் இதை நூறு பேரில் பத்துப் பேர் செய்தாலே சந்திப்பு பூட்டாது. பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.

நடைபாதை_செல்வி
ஃப்ரீ லெஃப்ட் பற்றியும் யாராவது தெளிவாக எழுதுங்கள். எல்லா சந்திப்பிலும் இடப்பக்கம் எப்போதும் போகலாம் என்று நினைக்கிறார்கள்.

வழக்குக்கட்டு
கிடையாதுங்க அக்கா. சிவப்பு என்றால் இடது உட்பட எல்லாப் பக்கமும் சிவப்புதான். இடப்பக்கம் போகலாம் என்று பலகையோ, பச்சை அம்புக்குறியோ, தனியாகப் பிரித்த பாதையோ இருந்தால் மட்டும் அனுமதி. அங்கேயும் கடக்கிறவர்களுக்கும் குறுக்கே பச்சையில் வரும் வண்டிகளுக்கும் வழிவிட்டுத்தான் போக வேண்டும். நேராகப் போக வேண்டியவர் ஃப்ரீ லெஃப்ட் பாதையை அடைத்து நிற்பதும் தவறு.

ஆம்புலன்ஸ் பற்றியும் கேள்வி வரும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். 194இ பிரிவில் அவசர ஊர்திக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதற்காகச் சிவப்பில் பாய்ந்து போகலாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை. பக்கவாட்டில் ஒதுங்குவதுதான் வழி. அதற்கு முன்கூட்டியே இடம் வைத்திருக்க வேண்டும்: வரிசையில் நிற்கும்போது முன் வண்டியின் பின்சக்கரம் தரையைத் தொடும் இடம் உங்கள் கண்ணுக்குத் தெரிகிற அளவு தள்ளி நின்றால், ஸ்டீயரிங்கை ஒடித்து விலக இடம் இருக்கும். பம்பரோடு பம்பர் ஒட்டி நிற்பவர் நினைத்தாலும் விலக முடியாது. போக்குவரத்துக் காவலர் கைகாட்டிப் போகச் சொன்னால் போகலாம். காவலரின் கைச்சைகை விளக்குக்கு மேல். பச்சை எரிந்தாலும் அவர் நிறுத்தினால் நிற்கத்தான் வேண்டும். சித்திரைத் திருவிழாவில் தல்லாகுளம், ஏ.வி. பாலம் பக்கமெல்லாம் அந்தச் சைகைதான் சட்டம்.

வடக்குமாசி
மூன்றாவது கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. கோடு அழிந்திருந்தால்? விளக்கே எரியாவிட்டால்?

ஆக்டிங்_டிரைவர்
கோடு தெரியலைன்னா ஜீப்ராவுக்கு முன்னாடி. ஜீப்ராவும் தெரியலைன்னா நம்ம பக்க சிக்னல் கம்பத்துக்கு முன்னாடி. கம்பத்தைத் தாண்டாம நின்னா பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும். புதுசா தார் போட்ட ரோட்டுல கோடு வர நாளாகும், அதுவரைக்கும் கம்பம்தான் கணக்கு.

மஞ்சள் மினுக்குச்சுன்னா வேகத்தைக் குறைச்சு எச்சரிக்கையா போகணும், நிக்கணும்னு இல்லை. சிவப்பு மினுக்குச்சுன்னா முழுசா நின்னு, பார்த்துட்டு, அப்புறம் போகணும். விளக்கு மொத்தமும் செத்துப்போச்சுன்னா, பெரிய ரோட்டுல வர்றவங்களுக்கு வழி விடணும்; ரெண்டும் சமமான ரோடுன்னா வலது பக்கம் இருந்து வர்றவங்களுக்கு.

இன்னொன்னு வெயில். சாயங்காலம் காளவாசல்ல இருந்து தேனி ரோட்டுல மேற்க போறப்ப சூரியன் நேர் முகத்துல அடிக்கும், மூணு விளக்குமே எரியுற மாதிரி இருக்கும். கண்ணாடிக்கு மேல இருக்குற மறைப்பை இறக்குங்க, நிறம் தெரியலைன்னா குறுக்கு ரோட்டு வண்டி நகருதான்னு பாருங்க. சந்தேகம்னா நிக்கிறதுதான்.

கேகேநகர்_பைக்
சலான் தப்பா வந்தா என்ன பண்றது? நம்பர் மாறி வந்ததா நிறைய பேர் சொல்றாங்க.

வழக்குக்கட்டு
முதலில் அது உண்மையான சலான்தானா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்போடு (போனில் ஆப்பை நிறுவும் கோப்பு) வருவது மோசடி, தொடவே வேண்டாம். மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தை நீங்களே டைப் செய்து திறந்து, முகவரி "ஜிஓவி டாட் இன்" என்று முடிகிறதா என்று பார்த்து, சலான் எண் அல்லது வண்டி எண் கொடுத்துத் தேடுங்கள். அங்கே இல்லாத சலானுக்குப் பணம் கட்டாதீர்கள்.

உண்மையானது என்றால் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நம் பக்கம் டிஎன் 58, 59, 64 என்று மூன்று பதிவு வரிசை இருக்கிறது. அழுக்கான, அலங்கார எழுத்துப் போட்ட நம்பர் பிளேட்டில் 8-ஐ 3 என்றும், 9-ஐ 8 என்றும், பி எழுத்தை 8 என்றும் கேமரா படித்துவிடும். படத்தில் இருக்கும் வண்டியின் மாடல், நிறம் உங்களுடையதா? சிவப்பு விளக்கும் கோடும் ஒரே படத்துக்குள் தெரிகிறதா? நேரம், இடம் சரியா?

கேமரா சலானுக்கு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-ல் சேர்த்த 167ஏ விதி இருக்கிறது. தெளிவான படம், கருவியின் அளவீடு, தேதி, நேரம், இடம், மீறிய சட்டப்பிரிவு, மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ் எல்லாம் இருக்க வேண்டும். கேமரா வைத்த பகுதிக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வேண்டும், கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பித்த ஒப்புதல் வேண்டும் என்றும் அந்த விதி சொல்கிறது. அது வந்தபோது நோட்டீஸ் அனுப்ப வைத்த கெடு 15 நாள். இதில் எது குறைந்தாலும் எழுத்தில் குறிப்பிட்டு ஆட்சேபம் கொடுங்கள். ஆர்சி நகல், உங்கள் வண்டியின் முன்-பின் படம், அந்த நேரத்தில் வண்டி வேறு இடத்தில் இருந்ததற்கான பார்க்கிங் ரசீது, சுங்கச்சாவடி ரசீது போன்றவற்றை இணையுங்கள். பணத்தைக் கட்டிவிட்டு அப்புறம் வாதாட முடியாது, கட்டினால் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

வண்டியை விற்றுவிட்டு ஆர்சியில் பெயர் மாற்றாமல் விட்டவர்களுக்கு அடுத்தவர் செய்த மீறல் எல்லாம் வந்து சேரும். சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் நீங்கள்தான்; 133-ஆம் பிரிவின்படி ஓட்டியவர் யார் என்று சொல்லும் கடமையும் உங்களுக்குத்தான். விற்பனை ஒப்பந்தம் மட்டும் வைத்துக்கொண்டு அலைவதைவிட விற்ற அன்றே பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிப்பது சுலபம்.

டெப்போ_பயிற்சி
வடகிழக்குப் பருவமழை நேரத்துக்கு டூவீலர்களுக்கு ஒரு விஷயம். கோடும் ஜீப்ராவும் தெர்மோபிளாஸ்டிக்கில் போடுவது, இரண்டரை மி.மீ. தடிமன், கண்ணாடி மணி தூவியிருப்பார்கள். நாள்பட மணி தேய்ந்து மேல்பரப்பு வழுவழுப்பாகிவிடும், நனைந்தால் தார்ச்சாலையைவிட நிறைய வழுக்கும். கோட்டுக்கு முன் இருக்கும் பத்து மீட்டரில்தான் வண்டிகள் நின்று நின்று ஆயிலும் டீசலும் சொட்டியிருக்கும். முதல் மழையின் முதல் கால் மணி நேரம் அது மேலே மிதந்து வரும், நல்ல மழை அடித்துக் கழுவிய பிறகு பரவாயில்லை.

அதனால் பிரேக்கைக் கோட்டின் மேல் பிடிக்காதீர்கள், முன்னாலேயே முடித்துவிடுங்கள். ஹேண்டில் நேராக இருக்கும்போது இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெதுவாக அழுத்துங்கள். சக்கரம் வெள்ளைப் பட்டையின் மேல் இருக்கும்போது முன் பிரேக்கை விட்டுவிடுங்கள். நிற்கும்போது காலை ஊன்றும் இடத்தையும் பாருங்கள், செருப்புக் கால் வெள்ளைப் பட்டையில் ஊன்றினால் வண்டியோடு சாய்வீர்கள். கோட்டுக்கு ஒரு மீட்டர் பின்னால், சக்கரத் தடத்தில் நிறுத்தி, தார்த்தரையில் கால் வையுங்கள். இரண்டு தடத்துக்கும் நடுவில் இருக்கும் கறுப்புப் பட்டையில்தான் ஆயில் இருக்கும்.